தலையை மாற்றிக்கொள்ளும் சகோதரி

அந்த யோசனை எனக்கு ட்ராமில் வந்தது. தென் லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் ஏறி விம்பிள்டனில் இறங்குவதற்குள் உலகத்தைத் திருத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றுவது வழமை. இறங்கியதும் மறந்துவிடுவேன் என்பதால் உலகத்துக்கு இதுவரை பெரிய சேதம் இல்லை. அன்று மறக்க முடியவில்லை. தொலைபேசியில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"அவா 'பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டா."

"பாப்பம் எண்டால் பாப்பாதானே. அதுக்கேன் அழுகிறாய்?"

"எடி விசரி, பாப்பம் எண்டால் ஏலாது எண்டு அர்த்தம். உனக்கு ஆர் டிகிரி தந்தது?"

என் அக்கா ஓர் ஐரிஷ்காரரைக் கட்டப்போகிறாள். 'அவா' என்பது அவருடைய தாய். பக்கத்து ஊரான சட்டனில் தனி வீடு, வாசலில் ரோசாச் செடி, நாங்கள் போகும்போதெல்லாம் வானிலையைப் பற்றி மட்டும் கதைக்கிற மரியாதை. அவரிடம் நாங்கள் கேட்டது சின்ன உதவி. உங்கள் குசினியில் கொஞ்சம் தங்கம் உருக்கலாமா?

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில்தான். நல்ல நாள் பார்த்து, நிறைகுடம் வைத்து, ஆசாரியார் வந்து ஒரு பவுணை எல்லோருடைய கண்முன்னும் உருக்குவார். பெண் வீட்டார் பலகாரத் தட்டுகளோடு போய், அதைப் பார்த்து, சாப்பிட்டு, கூடவே அந்த வீட்டுத் திரைச்சீலைகளையும் மதிப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மண்டபத்தில் வைக்கலாமே, நகைக்கடையிலேயே வைக்கலாமே என்று அக்கா எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். அம்மா அசையவில்லை.

"கடையில உருக்கினால் அது நகை. வீட்டில உருக்கினால்தான் தாலி," என்றார். பொன்னுருக்குக்கு நாள் வைக்காமல் கல்யாணத்துக்கு நாள் வைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மண்டபக்காரர் இன்னும் ஒரு கிழமைதான் தேதியைப் பிடித்துவைப்பாராம். ஆகவே என் அக்காவின் வாழ்க்கை, முன்பின் பழக்கமில்லாத ஓர் ஐரிஷ் அம்மாளின் அடுப்பங்கரையில் வந்து நின்றது.

ஏன் அவர் மறுக்கிறார் என்பதற்கு எங்கள் வீட்டில் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. "வேதக்காரர். நிறைகுடத்தைக் கண்டு பயப்பிடுகினம்," என்பது கிறிஸ்தவர்களைப் பற்றி அம்மாவின் முடிவு. அந்த வீட்டில் புதிதாகக் குசினி கட்டியிருக்கிறார்கள், மேற்பலகை கருகிவிடும் என்று பயம் என்பது அக்காவின் முடிவு. இரண்டு பேரும் அவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காதாம்.

அப்போதுதான் யோசனை வந்தது. அத்தான், அதாவது அந்த ஐரிஷ்காரர், ஒருமுறை சொல்லியிருந்தார்: அம்மா அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரி, சின்ன வயதில் வீட்டில் ஐரிஷ்தான் பேசினார். இவ்வளவு காலமும் நாங்கள் பிழையான மொழியில் அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறோம்! ட்ராமின் சன்னலில் என் முகம் தெரிந்தது. ஒரு தூதுவரின் முகமாகவே தெரிந்தது.

எனக்கு ஆர்வங்கள் காய்ச்சலைப் போல வரும். வந்தால் வீட்டில் எல்லோரும் படுக்கவேண்டும். புளித்த மாவு ரொட்டி வந்து போனது. எகிப்தியச் சித்திர எழுத்து வந்து, குளியலறைச் சுவரில் கொஞ்சம் தங்கிவிட்டது. பல்கனியில் தேனீ வளர்ப்பது பக்கத்து வீட்டுக்காரர் வந்து விளக்கமாகச் சொன்னதோடு முடிந்தது. ஆனால் ஒரு கிழமையில் ஒரு மொழியைப் படிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரு சொல்லைப் படிக்கலாம். ஒரே சொல், முழுதாக, வேரோடு. நான் சொல்லவேண்டிய வசனம் 'என் சகோதரியின் கல்யாணம்' என்று தொடங்குவதால், சகோதரியைத் தெரிவுசெய்தேன்.

ஐரிஷில் சகோதரிக்கு 'ட்ரிஃபூர்' என்று பெயர். எழுத்திலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துகளில் சிலது அங்கே வேலை எதுவும் இல்லாமல் நிற்கின்றன, கல்யாண மண்டபத்தில் பெரியப்பாமார் நிற்பதுபோல. ஏன் நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் மட்டும் தெரியும்.

தமிழில் ஒரு சொல்லுக்கு என்ன நடந்தாலும் பெரும்பாலும் வாலில்தான் நடக்கும். அக்கா, அக்காவை, அக்காவுக்கு, அக்காவோடு. தலை பத்திரமாக இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வேற்றுமைகளை மூச்சுவிடாமல் ஒப்புவித்துப் பிளாஸ்டிக் கிண்ணம் வென்றவள் நான், எனக்கு வால்கள் பழக்கம். ஐரிஷ்காரர் நேரே தலையில் கைவைக்கிறார்கள். முன்னால் 'என்' வந்தால் ட்ரிஃபூர், யிரிஃபூர் ஆகிவிடும். மொ யிரிஃபூர், என் சகோதரி. 'எங்கள்' வந்தால் நிரிஃபூர். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் 'அ'தான் வைத்திருக்கிறார்கள். அ யிரிஃபூர் என்றால் அவனுடைய சகோதரி. அ ட்ரிஃபூர் என்றால் அவளுடைய சகோதரி. அ நிரிஃபூர் என்றால் அவர்களுடைய சகோதரி. உரிமைக்காரர் யாரென்பதைச் சகோதரியின் முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். எங்கள் கல்யாண வீடுகளிலும் அதுதானே நடக்கிறது? "நீர் ஆற்ற பிள்ளை? மூக்கைப் பாத்தால் விளங்குது."

இது போதாதென்று 'சகோதரியின்' என்று வரும்போது வாலும் மாறுகிறது: ட்ரிஃபேர். அதற்கு முன்னால் 'என்' சேர்ந்தால் தலையும் போய், வாலும் போய், மொ யிரிஃபேர். நடுவில் ஒரு ஃபகரம் மட்டும் சொந்தக்காரர் யாரும் வராமல் நிற்கிறது. பன்மைக்கு ட்ரிஃபூரஃகா. அந்த ஃக-வைக் கண்டதும் எனக்குக் கண்கலங்கியது. அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த எங்கள் ஆய்த எழுத்துக்குக் கடைசியில் அயர்லாந்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது.

இவ்வளவு உடுப்பு மாற்றுகிற அந்தச் சொல், ஒன்றை மட்டும் சொல்லாது: அக்காவா, தங்கச்சியா? எந்த வேற்றுமையிலும் சொல்லாது. இதை அம்மாவிடம் ஒரு மொழியியல் அதிசயமாக அறிவித்தேன்.

அம்மா பயித்தம் பணியாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தார். "அப்ப அங்க ஆர் ஆரை மதிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்து அரித்தார்.

கிழமை முழுதும் ஒப்புவித்தேன். குளிக்கும்போது, பஸ்ஸில், வேலையிடத்தில் பிரிண்டர் சூடாகும்வரை. அக்கா கதவைத் தட்டினாள்.

"எடி, உள்ளுக்க ஆரோ ஆட்டைக் கொல்லுற மாதிரிக் கிடக்கு."

"உன்ர கல்யாணத்துக்குத்தான் கொல்லுறன்."

"அவா வேண்டாமெண்டு சொன்னால் உன்னைத்தான் அடுத்ததாக் கொல்லுவன்." சொல்லிவிட்டுக் கதவருகிலேயே நின்றாள். "நல்லாச் சொல்லு, என்ன?" என்றாள், வேறு குரலில்.

உச்சரிப்புக்கு அத்தானைக் கூப்பிட்டேன். அவர் சட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்காவது சனிக்கிழமைப் பள்ளி இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை. ஐரிஷில் அவருக்குத் தெரிந்தது 'கதவைச் சாத்து' என்பதும் 'தேநீர்' என்பதும். ஒரு குடும்பம் நடத்த அதுவே தாராளம். எந்தச் சொல்லை எடுத்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"மாடு, பூனை மாதிரி ஏதாவது எடுத்திருக்கலாமே," என்றார், ஆங்கிலத்தில். அத்தானும் அவருடைய அம்மாவும் பேசுவது ஆங்கிலம்தான். நான் என் தமிழில் தருகிறேன்.

"உங்கட அம்மாவோட நான் மாட்டைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?"

"மாட்டைப் பற்றி அவர் நன்றாகக் கதைப்பார்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஒரு விஷயம் வெளியே தெரியக்கூடாதென்றால் அத்தானிடம் கொடுத்துவைக்கலாம். பிறகு உங்களுக்கே திரும்பக் கிடைக்காது.

சனிக்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் சட்டனுக்குப் போனோம். பெண் தன் கல்யாணத்தைத் தானே கதைக்கப் போவதில்லை என்பது அம்மாவின் சட்டம். ஆகவே அக்கா, பெரிய நிறுவனம் ஒன்றில் தனக்குக் கீழே ஒரு குழுவையே வைத்து நடத்துகிற அக்கா, வீட்டில் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தாள்.

தேநீர் குடிப்பீர்களா என்று கேட்டார் அந்த அம்மாள். அம்மா, "நோ, நோ, நோ நீட்," என்றார். பரவாயில்லை, கொஞ்சமாக? இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றார் அம்மா, காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காதவர். தண்ணீர் கொதித்துவிட்டது, வீணாகிவிடுமே? "அப்ப அரைக் கோப்பை," என்றார் அம்மா. முழுக்கோப்பை வந்தது. அடுத்து அம்மா பலகாரப் பெட்டியை நீட்டினார். ஐயோ எனக்கெதற்கு இவ்வளவு என்றார் அவர். சும்மா கொஞ்சம்தான் என்றார் அம்மா, ஒரு தெருவுக்கே போதுமான முறுக்கை நகர்த்தியபடி. இந்த நாடகத்தில் ஒருவருக்கும் வசனம் பிசகவில்லை. இரண்டு பேருக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் யோசித்திருக்கவேண்டும். நான் யோசிக்கவில்லை. தலை மாறுகிற சொல்லொன்று என் வாயில் துள்ளிக்கொண்டிருந்தது.

கோப்பையை வைத்துவிட்டுத் தொடங்கினேன். 'பனிஷ் மொ யிரிஃபேர்', என் சகோதரியின் கல்யாணம். அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? என் சகோதரி, உன் சகோதரி, அவனுடைய, அவளுடைய, எங்களுடைய, அவர்களுடைய என்று பிளாஸ்டிக் கிண்ணம் வென்ற வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஃக-வுக்குத் தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டேன்.

அந்த அம்மாள் கையில் பலகாரப் பெட்டியிலிருந்து எடுத்த அரியதரம் ஒன்று, கடிக்காமல் இருந்தது.

"எங்கே படித்தாய்?"

"போனில்."

"உன் போன் டப்ளின் பக்கம் படித்திருக்கிறது. எங்கள் பக்கம் ட்ரெஃப்யூர்." பிறகு அரியதரத்தைத் தட்டில் வைத்தார். "உன்னை அவளா அனுப்பினாள்?"

"எவள்?"

அவர் எழுந்து குசினிக்குப் போனார். ஏற்கெனவே கொதித்த தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைக்கிற சத்தம் கேட்டது.

"என்னடி சொன்னனீ அவவுக்கு?" அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"சகோதரி எண்டு சொன்னனான்."

"அது மட்டுந்தானோ?"

"எல்லா வேற்றுமையிலும் சொன்னனான்."

"நாசமாப் போச்சு."

திரும்பிவந்தபோது அவர் கையில் தேநீர் இல்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, யன்னலைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு ஒரு சகோதரி இருக்கிறார், வட லண்டனில், ஆர்ச்வேயில். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் லண்டனுக்கு வந்தவர்கள். சகோதரிக்கு ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. ஊரில் தாய் இறந்தபோது செய்தி முதலில் இவருக்குத்தான் வந்தது. சகோதரி அப்போது வேலையில். ஷிப்ட் முடியட்டும், அவள் வீட்டுக்கு வந்து ஆறுதலாக உட்காரட்டும், பிறகு சொல்வோம் என்று இவர் காத்திருந்தார். அதற்குள் அதே வார்டில் வேலைசெய்த அவர்கள் ஊர்ப் பெண்ணுக்குச் செய்தி எட்டிவிட்டது. அவள் நடைபாதையில் வைத்து, நோயாளிகளுக்கு முன்னால், அனுதாபம் சொல்லிவிட்டாள்.

"என் அம்மா செத்ததை அந்நியர் சொல்லி நான் கேட்கவேண்டுமா என்றாள். அதற்குப் பிறகு நத்தாருக்குக் கிறிஸ்மஸ் கார்ட் வரும். கையெழுத்து மட்டும்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "கல்யாணம் மண்டபத்தில் என்றால் கூட்டத்தோடு கூட்டம். அவள் வராவிட்டாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. இந்த வீட்டுக்குள் ஒரு விசேஷம் வைத்தால் அவளைக் கூப்பிடாமல் வைக்க முடியாது. கூப்பிட்டு அவள் வராமல் விட்டால், அதோ அந்தக் கதிரை வெறுமையாக இருக்கும். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தபடி தங்கம் உருக்குவீர்கள்."

நிறைகுடமும் இல்லை, குசினிப் பலகையும் இல்லை. ஒரு கிழமையாக நாங்கள் இந்த அம்மாளைப் பெரிய அந்நிய நாகரிகமாக வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தோம். அவருக்கு வந்திருந்ததோ எங்கள் ஊர் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இருக்கிற வருத்தம்.

அம்மாவுக்குக் கடை இங்கிலிஷ் தெரியும், கதை இங்கிலிஷ் பாதி தப்பிவிடும். மொழிபெயர்த்தேன். "அவவுக்கும் அவவின்ர சகோதரத்துக்கும் நன்மை தின்மை இல்லையாம்." எங்கள் பேச்சில் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். நல்லதுக்கும் போவதில்லை, கெட்டதுக்கும் போவதில்லை. அம்மா காரணத்தையும் கேட்டார், சொன்னேன். செத்தவீட்டுச் செய்தி பிந்தியது என்றதும் அம்மாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"ஆர் மூத்தது?"

எனக்குத் தெரியாது. கேட்டேன். மற்றவர்தான் மூத்தவராம்.

"ஒரு கிழமையா அந்தச் சொல்லைத் தலைகீழா நிண்டு படிச்சாய், இதைக் கேக்கத் தெரியேல்லை," என்றார் அம்மா. "அப்ப பிழை இவவிலதான். மூத்தவவுக்கெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்? வேலையெண்டால் என்ன, போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதானே?"

இதை எப்படி மொழிபெயர்ப்பது? 'அம்மா உங்கள் இக்கட்டான நிலையை உணர்கிறார், ஆயினும்' என்று ஒரு நல்ல வசனத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா முன்னால் சாய்ந்து, அந்த அம்மாளின் முழங்கையைத் தொட்டு, எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படாத ஆங்கிலத்தில் சொன்னார்:

"யுவர் ஃபோல்ட்."

மண்டபம் போயிற்று. மேளம் போயிற்று. அக்கா தொலைபேசியைப் பார்த்தபடி இருக்கிறாள், என்னைக் கொல்ல எல்லா உரிமையோடும். நான் என் தேநீருக்குள் போய் ஒளிந்துகொள்ள முயன்றேன்.

"ஆமாம்," என்றார் அந்த அம்மாள்.

தட்டைத் தன் பக்கம் இழுத்து, "எல்லோரும் என்மேல் பிழையில்லை, நல்ல எண்ணத்தில்தானே செய்தாய் என்றார்கள். கணவர் சொன்னார், பாதிரியார் சொன்னார். பிழையே இல்லையென்றால் நான் போய் எதற்காக மன்னிப்புக் கேட்பது?" என்றார். பிறகு அரியதரத்தை எடுத்துக் கடித்தார். அது கடினமான அரியதரம். மெல்ல நேரம் பிடித்தது. கண்ணைத் துடைக்கவும் அந்த நேரம் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். நான் வெறும் ஒலிபெருக்கி. "ஃபோனில சொல்லக்கூடாது. கார்ட் போடக்கூடாது. நேர போகவேணும். இளையவாதான் போகவேணும். வெறுங்கையோட போகக்கூடாது. வெள்ளிக்கிழமை நாங்களும் வாறம். கல்யாணம் சொல்ல வந்தாக்களை வாசல்ல வைச்சு ஆரும் கதவைச் சாத்துறதில்லை."

"அவள் சாத்துவாள்," என்றார் அந்த அம்மாள், சகோதரியை அறிந்தவராக.

"சாத்தட்டும். அடுத்த வெள்ளியும் போவம். மண்டபக்காரனோட நான் கதைக்கிறன்."

வெளியே வந்ததும் அக்காவின் அழைப்பு. "என்னவாம்? பாப்பமாமோ?"

"பாப்பம் எண்டு சொல்லேல்லை."

"பிறகென்ன சொன்னவா?"

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும் எண்டு கேட்டவா."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்ப உன்ர சொல் வேலை செய்ததோ?"

என் சொல் என்ன வேலை செய்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பூட்டியிருந்த கதவில் போய் முட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். சத்தம் கேட்டு உள்ளே இருந்தவர் எழும்பிவிட்டார்.

வெள்ளி நாளை மறுநாள். சட்டனில் பஸ் எடுத்து மோர்டன், அங்கிருந்து நோர்தேர்ன் லைனில் நேரே ஆர்ச்வே. ரயில்கூட மாறவேண்டியதில்லை. சகோதரிகள் இருவரும் ஒரே கோட்டில்தான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். முதலில் அங்கே மேட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் அந்த வீடு என்று அம்மா சொல்லிவிட்டார். சட்டன் அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், சப்பாத்தைக் கழற்றவேண்டுமா என்று. தட்டை அவர்தான் பிடிக்கவேண்டும். பணியாரம் அம்மாவின் பொறுப்பு, பழ ரொட்டி அவருடையது. என் பொறுப்பு மணியை அடித்துவிட்டு ஒதுங்கி நிற்பது. வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. சகோதரியை ஐரிஷில் விளித்துக் கூப்பிடும்போதும் தலை மாறும் என்று அந்த அம்மாளுக்கு நினைவூட்டப் பார்த்தேன். "நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், உன் அட்டவணையை நீயே வைத்துக்கொள்," என்றார்.

ஆனாலும் கதவு திறக்காவிட்டால்? அத்தானுக்குத் தெரிந்ததெல்லாம் கதவைச் சாத்துவதற்குத்தான். திறப்பதற்கு 'ஒஸ்கல் அன் டொரஸ்' என்று சொல்லவேண்டுமாம். இன்று காலையிலிருந்து ட்ராமில் அதைத்தான் முணுமுணுக்கிறேன். மூத்தவரிடம் 'திற' என்று சொல்லலாமோ, 'திறவுங்கோ' என்றல்லவா சொல்லவேண்டும் என்று தேடிப் பார்த்தேன். ஐரிஷில் 'ங்கோ' இல்லை. இருக்கிற பன்மையும் பல பேரைக் கூப்பிடத்தானாம், மரியாதைக்கு அல்ல. பரவாயில்லை. அம்மா பார்க்காத நேரம் கடிதம் போடுகிற துவாரத்துக்குக் குனிந்து, குரலில் ஒரு 'ங்கோ' வைத்துச் சொல்லிப்பார்க்கப் போகிறேன்.